டிரைவுக்கு முன்னால் இன்னொரு டிரான்ஸ்பார்மர் எதற்கு?

ஆலையின் வாசலில் 11 கிலோவோல்ட்டை 415 வோல்ட்டாக இறக்கித் தரும் டிரான்ஸ்பார்மர் ஒன்று ஏற்கெனவே நிற்கிறது. அப்படியிருக்க, உள்ளே ஒரு மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவுக்கு முன்னால், 415 வோல்ட்டை வாங்கிக்கொண்டு அதே 415 வோல்ட்டைத் திருப்பித் தரும் இன்னொரு டிரான்ஸ்பார்மரை எதற்காக வைக்க வேண்டும் என்ற கேள்வி, விலைப்பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் எழும். "பாதுகாப்புக்காக" என்பதே வழக்கமாகக் கிடைக்கும் விடை. அது பொய்யன்று, எதை எதிலிருந்து பாதுகாக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் அதன் குறை.

ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் எனப்படும் இந்தக் கருவி உண்மையில் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. மின்வழங்கலுக்கும் டிரைவுக்கும் இடையிலுள்ள உலோகத் தொடர்பை அறுக்கிறது. மின்னோட்டத்தின் பாதையில் சிறிது மறிப்பை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பை, சேர்க்கிறது. தேவைப்பட்டால் மின்னழுத்தத்தின் அளவையும் அலையின் கோணத்தையும் மாற்றித் தருகிறது. இவற்றுள் முதலாவது மட்டுமே அதன் பெயருக்குரிய வேலை. இரண்டாவது வேலையை அதைவிடப் பன்மடங்கு மலிவான ஒரு சோக், அதாவது மின்னோட்டத்தின் பாதையில் தொடராக வைக்கும் கம்பிச் சுருள், செய்துவிடும். எந்த வேலைக்காக வாங்குகிறோம் என்று பிரித்துப் பாராததால்தான், தேவையற்ற இடத்தில் அதை நிறுவுவதும் தேவையான இடத்தில் அதைத் தவிர்ப்பதும் ஒருங்கே நடக்கின்றன.

அடிப்படை: தொடாமல் கடத்துதல்

டிரான்ஸ்பார்மரில் முதன்மைச் சுருளும் துணைச் சுருளும் ஒரே இரும்பு உள்ளகத்தின் மீது சுற்றப்பட்டிருக்கும். ஆற்றல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காந்தப்பாயத்தின் வழியாகவே செல்கிறது. ஒரு சுருளின் செம்பு மற்றதன் செம்பைத் தொடுவதில்லை. ஒரே சுருளில் நடுவே இணைப்பு எடுத்து அழுத்தத்தைக் குறைக்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பண்பு கிடையாது.

தொடர்பு அறுபடுவதன் முதன்மையான விளைவு, துணைப் பக்கத்துக்கென்று ஒரு புதிய பூஜ்யப் புள்ளியை நாமே அமைத்துக்கொள்ள முடிவதாகும். எந்த மின்னழுத்தமும் ஏதோ ஒரு புள்ளியை ஒப்பிட்டே அளக்கப்படுகிறது. ஆலையின் பொது அமைப்பில் அந்தப் புள்ளி, வாசலில் நிற்கும் டிரான்ஸ்பார்மரின் எர்த் செய்யப்பட்ட நியூட்ரல். ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரின் துணைச் சுருளோ அந்த நியூட்ரலுக்குக் கட்டுப்பட்டதன்று. அதன் ஸ்டார் புள்ளியை, அதாவது மூன்று கட்டச் சுருள்களும் ஒன்றுகூடும் முனையை, அங்கேயே எர்த் செய்யலாம், உயர்ந்த மின்தடை வழியாக எர்த் செய்யலாம், எர்த் செய்யாமலும் விடலாம். இந்த உரிமையே இக்கருவியின் மையம்; பின்வரும் காரணங்களுள் கனமானவை எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

டிரைவுக்குள் நடப்பது

இன்று பரவலாக உள்ள மாறு அதிர்வெண் டிரைவில், உள்ளே வரும் மூன்று கட்ட மாறுமின்னோட்டத்தை ஆறு டயோடுகள் நேர்மின்னோட்டமாக்குகின்றன. 415 வோல்ட் வழங்கலில் இந்த நேர்மின்னழுத்தம் ஏறத்தாழ 560 வோல்ட். பெரிய மின்தேக்கிகள் அதைச் சமன்படுத்தி வைத்திருக்க, ஐஜிபிடி எனப்படும் ஆறு மின்னணுச் சாவிகள் நொடிக்குச் சில ஆயிரம் முறை திறந்து மூடி, மோட்டாருக்கு வேண்டிய அதிர்வெண்ணில் ஒரு மாறுமின்னோட்டத்தை வடிவமைத்துத் தருகின்றன. டிசி மோட்டார்களுக்கான பழைய வகை டிரைவுகளில் டயோடுகளுக்குப் பதிலாகத் தைரிஸ்டர்கள் இருக்கும். அவை எந்தக் கணத்தில் திறக்கப்படுகின்றன என்பதைக் கொண்டே மோட்டாரின் வேகம் தீர்மானிக்கப்படும்.

இரண்டு வகையிலும், மோட்டாரின் சுருளுக்கும் ஆலையின் மின்கம்பிக்கும் இடையே நிற்பவை சில குறைகடத்திகள் மட்டுமே. அவை கடத்தும் ஒவ்வொரு கணமும் மோட்டார் ஆலையின் மின்வழங்கலோடு நேரடியாக இணைந்தே இருக்கிறது.

முன்பு நிலைமை அப்படி இருக்கவில்லை. 1891 வாக்கில் ஹாரி வார்டு லெனார்டு அமெரிக்காவில் உருவாக்கிய முறையில், ஆலையின் மின்சாரம் முதலில் ஒரு மோட்டாரைச் சுழற்றும். அந்த மோட்டார் ஒரு டிசி ஜெனரேட்டரைச் சுழற்றும். அந்த ஜெனரேட்டரின் மின்சாரத்தில்தான் வேலை செய்யும் டிசி மோட்டார் ஓடும். லிஃப்ட்டுகளும் சுரங்க இறக்கிகளும் உருட்டாலைகளும் பல பத்தாண்டுகள் இவ்வாறே இயங்கின. ஆலைக்கும் மோட்டாருக்கும் இடையே இருந்த ஒரே தொடர்பு ஒரு சுழலும் தண்டு. ஐசொலேஷன் என்று தனியாக யாரும் கேட்கவில்லை. அது கேட்காமலேயே கிடைத்திருந்தது. 1957இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தைரிஸ்டரை அறிவித்த பிறகு, இரண்டு இயந்திரங்களின் இடத்தைச் சுவரில் மாட்டும் ஒரு பெட்டி பிடித்துக்கொண்டது. இடமும் பராமரிப்பும் மிச்சமாயின. இடையிலிருந்த பிரிவும் கூடவே போயிற்று. டிரைவுக்கான ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரை, அப்படி இழந்ததை வேறு வடிவில் திரும்பப் பெறும் முயற்சியாகப் பார்த்தால், அது ஏன் முதலில் டிசி டிரைவுகளோடு சேர்ந்தே வழக்கத்துக்கு வந்தது என்பது விளங்கும்.

காரணங்கள்

1. மின்னலையில் விழும் பள்ளங்கள். தைரிஸ்டர் டிரைவில் மின்னோட்டம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு மாறும்போது, மிகச் சிறிய நேரத்துக்கு இரண்டு தைரிஸ்டர்களும் ஒருசேரக் கடத்துகின்றன. அந்த நேரத்தில் இரண்டு கட்டங்கள் குறுக்குச்சுற்றாகி, அவற்றுக்கிடையிலான மின்னழுத்தம் டிரைவின் முனைகளில் பூஜ்யமாகிவிடுகிறது. அலைகாட்டியில் பார்த்தால் சைன் அலையின் உடம்பில் கத்தியால் வெட்டியதுபோன்ற பள்ளங்கள் தெரியும். அதே மின்கம்பியில் இணைந்துள்ள மற்றக் கருவிகளுள், அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தை வைத்து நேரம் கணிப்பவை இந்தப் போலிப் பூஜ்யங்களைக் கண்டு தடுமாறும்.

பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது மறிப்புகளின் விகிதத்தைப் பொறுத்தது. 1000 கேவிஏ திறனும் 5 சதவீத மறிப்பும் கொண்ட டிரான்ஸ்பார்மர் ஆலைக்கு இருப்பதாகக் கொள்வோம். 100 கேவிஏ அளவுக்கு மாற்றிச் சொன்னால் அது 0.5 சதவீதம். டிரைவுக்கு முன்னால் 100 கேவிஏ, 4 சதவீத மறிப்புள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரை வைத்தால், ஆலையின் பொது மின்கம்பியில் பள்ளத்தின் ஆழம் 0.5ஐ 4.5ஆல் வகுத்த அளவு, அதாவது 11 சதவீதம்தான். அது இல்லாவிட்டால், கேபிளின் சிறு மறிப்பைக் கழித்துவிட்டால், முழுப் பள்ளமும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். டிரைவின் முனைகளில் பள்ளம் அப்போதும் இருக்கவே செய்யும். அது ஓரிடத்தில் அடைக்கப்படுகிறது, அவ்வளவே. மேலும், இந்தக் கணக்கில் வேலை செய்தது மறிப்பு மட்டுமே, பிரிவு அன்று என்பதையும் கவனிக்க வேண்டும்.

2. எர்த் வழியாக ஓடும் மின்னோட்டம். ஐஜிபிடி டிரைவைப் பொறுத்தவரை மிக முக்கியமான காரணம் இதுவே. மிகுதியும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. ஆலையின் மூன்று கட்ட மின்னழுத்தங்களையும் எந்தக் கணத்தில் கூட்டினாலும் விடை பூஜ்யம். டிரைவின் வெளியீட்டுக்கு அந்தப் பண்பு இல்லை. நேர்மின்னழுத்தத்தின் நடுப்புள்ளியை வைத்துப் பார்த்தால், வெளியீட்டின் ஒவ்வொரு கம்பியும் ஒரு கணத்தில் கூட்டல் 280 வோல்ட்டிலோ கழித்தல் 280 வோல்ட்டிலோதான் இருக்க முடியும். மூன்றின் சராசரி எனவே 280, 93, கழித்தல் 93, கழித்தல் 280 ஆகிய நான்கு மதிப்புகளுக்கிடையே தாவிக்கொண்டே இருக்கும்; ஒருபோதும் பூஜ்யத்தில் நிற்காது. மூன்று கம்பிகளுக்கும் பொதுவாக அமைந்து தாவும் இந்தச் சராசரியைப் பொதுமுறை மின்னழுத்தம் என்று குறிப்பிடுவோம்.

மோட்டாரின் சுருளுக்கும் அதன் இரும்புக் கூட்டுக்கும் இடையில் மின்காப்புப் பொருள் இருக்கிறது. இரண்டு உலோகங்களுக்கு நடுவே காப்புப் பொருள் இருந்தால் அது ஒரு மின்தேக்கியே. அதன் மதிப்பு 5 நானோபாரட் என்று வைத்துக்கொள்வோம். பொதுமுறை மின்னழுத்தம் 187 வோல்ட் அளவுக்கு ஒரு தாவலை நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால், அந்தக் காப்பின் ஊடாக 9 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் ஒரு துடிப்பாகப் பாயும். காப்பு பழுதாகவில்லை, கசிவும் இல்லை. காப்பு நன்றாக இருக்கும்போதே இது நடக்கிறது. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு துடிப்பு, நொடிக்குப் பல ஆயிரம் துடிப்புகள்.

டிரைவிலிருந்து புறப்பட்ட மின்னோட்டம் டிரைவுக்கே திரும்பியாக வேண்டும். மோட்டார்க் கூட்டிலிருந்து எர்த் கம்பிக்கு வந்த துடிப்பு, நியூட்ரல் எங்கே எர்த் செய்யப்பட்டிருக்கிறதோ அதுவரை சென்று, அங்கிருந்து கட்டக் கம்பிகள் வழியே டிரைவுக்கு மீள்கிறது. அந்த இடம் ஆலையின் வாசல் என்றால், கட்டடத்தின் எர்த் அமைப்பு முழுவதும், இரும்புத் தூண்கள், கேபிள் தாங்கிகள், சென்சார் கம்பிகளின் உறைகள் எல்லாம் அதன் பாதையாகிவிடும். எடைக் கருவி காரணமின்றித் தாவுவது, வெப்ப அளவி தவறு காட்டுவது, கணினித் தொடர்பு விட்டுவிட்டு அறுபடுவது ஆகியவற்றின் மூலம் பல சமயங்களில் இதுதான்.

டிரைவுக்கு அருகிலேயே ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரை வைத்து, அதன் ஸ்டார் புள்ளியை அங்கேயே எர்த் செய்து, மோட்டாரின் எர்த் கம்பியையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தால், துடிப்பு திரும்பிச் செல்ல வேண்டிய வீடு பக்கத்திலேயே அமைந்துவிடுகிறது. வட்டம் சிறிதாகி, ஆலையின் பொது எர்த்துக்குள் நுழையும் பங்கு வெகுவாகக் குறைகிறது. துடிப்பு மறைந்துவிடவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் பயணம்தான் சுருக்கப்பட்டது. டிரான்ஸ்பார்மரை டிரைவிலிருந்து வெகுதூரத்தில், வசதியான ஒரு மூலையில் நிறுவினால் இந்தப் பயனின் பெரும்பகுதி வீணாகும்.

இதற்குத் துணையாக, இரண்டு சுருள்களுக்கும் இடையே மெல்லிய செம்புத் தகடு ஒன்றைச் சுற்றி அதை எர்த் செய்வதுண்டு. சுருள்கள் ஒன்றையொன்று தொடாவிட்டாலும் அவற்றுக்கிடையே சில நானோபாரட் அளவு மின்தேக்கம் இருப்பதால், உயர் அதிர்வெண் துடிப்புகள் அதன் வழியே தாவிவிடும். தகடு அவற்றை வழிமறித்து எர்த்துக்குத் திருப்புகிறது. தகட்டின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் இடையே காப்பு இருக்க வேண்டும். தொட்டுக்கொண்டால் அதுவே குறுக்குச்சுற்றான ஒரு சுற்றாகி வெந்துவிடும்.

3. பொருந்தாத எர்த் அமைப்பு. பெரும்பாலான டிரைவுகள், நியூட்ரல் எர்த் செய்யப்பட்ட ஸ்டார் அமைப்பை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் எர்த்துக்கும் இடையே மின்னழுத்த எழுச்சியை உறிஞ்சும் வேரிஸ்டர்களும் வடிகட்டி மின்தேக்கிகளும் உள்ளே இருக்கும்; அவை 240 வோல்ட்டை எதிர்பார்ப்பவை. கப்பல்களில் வழக்கமாக உள்ளதுபோல நியூட்ரல் எர்த் செய்யப்படாத அமைப்பில் ஒரு கட்டம் எர்த்தைத் தொட்டால், மற்ற இரு கட்டங்களும் எர்த்தை ஒப்பிட்டு 415 வோல்ட்டுக்கு உயர்ந்துவிடும். கப்பல் தொடர்ந்து இயங்கும். அதற்காகத்தான் அந்த அமைப்பே. டிரைவின் உள்ளே இருப்பவையோ வெந்துபோகும். அமெரிக்காவின் பழைய ஆலைகள் சிலவற்றில், மூன்று சுருள்களையும் முக்கோணமாக இணைக்கும் டெல்டாவின் ஒரு மூலையை எர்த் செய்யும் வழக்கம் உண்டு. அங்கே இந்த நிலை எப்போதுமே நிலவும். உள்ளே இருக்கும் எர்த் இணைப்புகளைக் கழற்றிவிடுவதற்கான திருகுகளை உற்பத்தியாளர்கள் தருகின்றனர், ஆனால் அப்போது வடிகட்டியின் பயனும் போய்விடுகிறது. டிரைவுக்கென்று எர்த் செய்யப்பட்ட ஒரு ஸ்டார் புள்ளியை உருவாக்கித் தரும் டிரான்ஸ்பார்மரே இங்கே முறையான தீர்வு.

தைரிஸ்டர் டிசி டிரைவில் இதற்கு நேர்மாறான வழக்கமும் உண்டு. கரித்தூள் படியும் டிசி மோட்டாரின் ஆர்மேச்சர், அதாவது அதன் சுழலும் சுருள், எர்த்தைத் தொடுவது அடிக்கடி நிகழக்கூடியது. ஆலையின் எர்த் செய்யப்பட்ட வழங்கலோடு நேரடியாக இணைந்திருந்தால், அப்போது பெரும் மின்னோட்டம் தைரிஸ்டர் வழியே பாய்ந்து அதை அழித்துவிடும். துணைச் சுருளை எர்த் செய்யாமல் விட்டு, கசிவை உணரும் ரிலே ஒன்றை வைத்தால், முதல் பழுதில் எச்சரிக்கை மட்டுமே கிடைக்கும்.

4. மின்னழுத்தப் பொருத்தம். ஜப்பானிலிருந்து வரும், கணினியால் இயக்கப்படும் பல சிஎன்சி இயந்திரங்களின் சர்வோ டிரைவுகள் 200 வோல்ட் மூன்று கட்ட வழங்கலுக்கானவை. இந்தியாவில் 415 வோல்ட்டை 200 வோல்ட்டாக இறக்க எப்படியும் ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். இந்த இடத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆட்டோ டிரான்ஸ்பார்மரை வைப்பது, மேலே சொன்ன பயன்கள் அனைத்தையும் சிறு விலை வேறுபாட்டுக்காக விட்டுக்கொடுப்பதாகும்.

5. குறுக்குச்சுற்றின் வேகத்தைத் தணித்தல். முன் சொன்ன 1000 கேவிஏ டிரான்ஸ்பார்மர், குறுக்குச்சுற்று நேர்ந்தால் சுமார் 28,000 ஆம்பியர் வரை தரக்கூடியது. இடையே 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் வந்தால் டிரைவின் முனைகளில் அது ஏறத்தாழ 3,100 ஆம்பியராகிவிடும். குறைந்த தாங்குதிறன் கொண்ட சிறிய டிரைவுகளுக்கு இது பெரிய ஆறுதல்.

சோக் போதாதா?

முதல், ஐந்தாம் காரணங்கள் மட்டுமே உங்கள் இடத்துக்குப் பொருந்துமென்றால், போதும். மூன்று சதவீத அல்லது ஐந்து சதவீத மறிப்புள்ள சோக் அந்த வேலையைச் செய்துவிடும். எடையும் விலையும் வெப்ப இழப்பும் மிகக் குறைவு. மின்வாரியம் தன் மின்தேக்கித் தொகுதியை இணைக்கும்போது எழும் மின்னழுத்த எழுச்சியால் டிரைவ் டிரிப் ஆவதையும் பெரும்பாலும் சோக்கே தடுத்துவிடும். இரண்டாம், மூன்றாம் காரணங்களுக்குச் சோக் விடையாகாது; அது எர்த் அமைப்பை மாற்றுவதில்லை.

செலவை வாங்கும் விலையோடு நிறுத்திக் கணக்கிடுவதும் தவறு. 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் 2 கிலோவாட் இழப்பு என்று கொண்டாலும், ஓயாமல் ஓடும் டிரைவில் ஆண்டுக்கு 17,520 யூனிட் வெறும் வெப்பமாகிறது.

ஹார்மோனிக்ஸ் பற்றிய குழப்பம்

ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஹார்மோனிக்ஸை, அதாவது வழங்கலின் அதிர்வெண்ணுக்கு மடங்குகளாக எழுந்து அலையைச் சிதைக்கும் அதிர்வெண்களை, நீக்கிவிடும் என்று விற்பனையில் சொல்லப்படுவதுண்டு. ஆறு டயோடு டிரைவ் உருவாக்குபவை 5, 7, 11, 13 ஆகிய மடங்கு அதிர்வெண்கள். டெல்டா-ஸ்டார் இணைப்பு தடுக்கக்கூடியவை 3, 9 போன்ற மூன்றின் மடங்குகள். மூன்று கட்ட டிரைவில் அவை அநேகமாக இருப்பதே இல்லை. ஆகவே ஒற்றை டிரைவுக்கு முன் வைத்த டிரான்ஸ்பார்மர், தன் மறிப்பின் அளவுக்கு மட்டுமே உதவும். வலுவான வழங்கலில் 80 சதவீதத்தையும் தாண்டக்கூடிய மின்னோட்டச் சிதைவு, மறிப்பைச் சேர்த்தால் 35 முதல் 40 சதவீத அளவுக்கு இறங்கும். சோக்கும் இதையே தரும்.

கோணத்தை மாற்றும் திறன் கைகொடுப்பது, சுமையை இரண்டாகப் பிரிக்கும்போதுதான். டெல்டா ஒன்று, ஸ்டார் ஒன்று என இரண்டு துணைச் சுருள்களை வைத்தால் அவற்றின் அலைகள் 30 பாகை விலகி நிற்கும். இரு பக்கமும் தனித்தனி டயோடு தொகுதிகள் சம அளவில் மின்னோட்டம் எடுத்தால், 5ஆம், 7ஆம் மடங்குகள் முதன்மைச் சுருளில் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சிதைவு 10 முதல் 12 சதவீத அளவுக்கு வரும். இதுவே 12 துடிப்பு முறை. பல டிரைவுகள் உள்ள ஆலையில் பாதியை டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்பார்மர் வழியாகவும் மீதியைச் சோக் வழியாகவும் இணைத்தால், இதன் பயனில் ஒரு நல்ல பங்கைப் பாதிச் செலவில் பெறலாம்; இரு பாதிகளின் சுமையும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மத்திய மின்சார ஆணையத்தின் 2007ஆம் ஆண்டு இணைப்பு விதிமுறைகள் இணைப்புப் புள்ளியில் மின்னழுத்தச் சிதைவுக்கு 5 சதவீதமும் மின்னோட்டச் சிதைவுக்கு 8 சதவீதமும் வரம்பாக வைத்திருந்தன; 2019இல் அவை திருத்தப்பட்டன. சிதைவு வரம்பை மீறும் உயரழுத்த ஆலைகளிடம் ஈட்டுத்தொகை வசூலிக்கத் தமிழ்நாட்டின் கட்டண ஆணைகள் வழிசெய்திருப்பதால், நூற்பாலைகளுக்கு இந்த ஏற்பாடு வெறும் ஏட்டுக் கணக்கன்று.

பிரிவு இல்லாமல் முடியவே முடியாத இடம்

6.6 கிலோவோல்ட் மோட்டார்களை ஓட்டும் டிரைவுகளில் ஒரு வகையில், ஒவ்வொரு கட்டத்துக்கும், நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் பல சிறிய தாழ்வழுத்த இன்வெர்ட்டர்கள் தொடராக அடுக்கப்படுகின்றன. ரோபிகான் நிறுவனத்தின் பீட்டர் ஹாமண்ட் 1997இல் காப்புரிமை பெற்ற முறை இது. தொடராக இணைப்பதால், அடுக்கின் மேலே இருக்கும் இன்வெர்ட்டர் எர்த்திலிருந்து ஆயிரக்கணக்கான வோல்ட் உயரத்தில் மிதக்கும். இரண்டு இன்வெர்ட்டர்களுக்கு ஒரே வழங்கலைத் தந்தால் அவை அக்கணமே குறுக்குச்சுற்றாகிவிடும். எனவே ஒவ்வொன்றுக்கும் தனித் துணைச் சுருள் தேவை. கட்டத்துக்கு ஆறு என்றால் மொத்தம் 18 சுருள்கள். அவற்றைச் சிறு சிறு கோணங்களில் விலக்கிச் சுற்றுவதால் ஹார்மோனிக்ஸும் பெருமளவு அழிந்துபோகிறது.

இது செய்யாதவை

டிரான்ஸ்பார்மர் நிற்பது டிரைவின் உள்ளீட்டுப் பக்கத்தில். எனவே வெளியீட்டுப் பக்கத்தின் இரண்டு தொல்லைகளை அது தொடுவதே இல்லை. ஒன்று, நீளமான கேபிளின் முனையில் துடிப்பு எதிரொலித்து, 560 வோல்ட் ஏறத்தாழ இருமடங்காகி மோட்டாரின் காப்பைத் தாக்குவது. மற்றொன்று, சுழலியில் தேங்கும் மின்னழுத்தம் பேரிங்கின் எண்ணெய்ப் படலத்தை உடைத்து, அதன் தடத்தில் வரிவரியாகத் தழும்புகளை ஏற்படுத்துவது. முன்னதற்கு வெளியீட்டு வடிகட்டியும், பின்னதற்குக் காப்பிட்ட பேரிங்கும் தண்டுக்கு எர்த் தரும் தூரிகையுமே மருந்து. மின்வழங்கலில் இரு கட்டங்களுக்கிடையே எழும் மின்னல் எழுச்சியும் டிரான்ஸ்பார்மரைத் தாண்டி வந்துவிடும்; சுருள்களின் விகிதப்படி அதைக் கடத்துவதுதானே அதன் தொழில்.

தேர்வின்போது பார்க்க வேண்டியவை

1. சாதாரண டிரான்ஸ்பார்மரைக் கொடுத்துவிட்டு டிரைவுக்கானது என்று சொல்வது சந்தையில் நடக்கிறது. சுழல் மின்னோட்ட இழப்பு, அதாவது சுருளின் செம்புக்குள் தூண்டப்படும் மின்னோட்டத்தால் ஆகும் வெப்பம், ஹார்மோனிக்ஸ் வரிசை எண்ணின் இருபடிக்கு ஏற்ப உயரும். 5ஆம் மடங்கு 30 சதவீதம் மட்டுமே இருந்தாலும், அடிப்படை அலை உண்டாக்கும் சுழல் இழப்பைப்போல் 2.25 மடங்கை அது தனியாகச் சேர்க்கும். இதைத் தாங்கும் திறனைக் கே காரணி என்ற எண் குறிக்கிறது; அது பெயர்ப்பலகையில் இருக்க வேண்டும்.

2. இணைக்கும் கணத்தில் டிரான்ஸ்பார்மர் தன் இயல்பு மின்னோட்டத்தைப்போல் 8 முதல் 12 மடங்கு வரை இழுக்கலாம். பிரேக்கரையும் பியூஸையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்காவிட்டால், டிரைவ் நலமாக இருக்கையிலேயே காலைதோறும் டிரிப் ஆகும்.

3. ஸ்டார் புள்ளியை என்ன செய்வது என்பதை வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும். ஐஜிபிடி டிரைவ் என்றால், உற்பத்தியாளரின் கையேடு வேறுவிதமாகச் சொல்லாதவரை, அருகிலேயே எர்த் செய்வதே சரி. அதை நிறுவுபவரின் பழக்கத்துக்கு விட்டுவிட்டால், புள்ளி மிதக்கும்படியே விடப்பட்டு, வாங்கிய காரணம் நிறைவேறாமலேயே போகலாம்.

4. இடைத்தகட்டிலிருந்து வரும் கம்பி தனி முனையாக வெளியே வருகிறதா என்றும், அது குட்டையான, அகலமான செம்புப் பட்டையால் எர்த் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் நேரில் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் நீள மெல்லிய கம்பியால் எர்த் செய்த தகடு, 50 ஹெர்ட்ஸில் எர்த் ஆனதாகவே மீட்டரில் தெரியும். துடிப்புகளின் அதிர்வெண்ணில் அந்தக் கம்பி கிட்டத்தட்ட அறுந்த கம்பிக்குச் சமம்.